நெற்றியில் ஊசி, குற்றாலத்தில் சாரல்: போடாக்ஸுக்குப் பிறகு முகத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி

முகச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருபவர் கையில், கிளினிக்கில் ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். நான்கு மணி நேரம் படுக்காதீர்கள், முகத்தைத் தேய்க்காதீர்கள், சௌனா என்ற வெப்ப அறைப் பக்கம் போகாதீர்கள், மது அருந்தாதீர்கள் என்று அந்தப் பட்டியல் போகும். பெரும்பாலும் வெளிநாட்டில் யாரோ அவர்கள் ஊர் ஆட்களுக்காக எழுதியதை அப்படியே எடுத்து அச்சடித்திருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் சௌனா வைத்திருக்கும் வீடு எங்கே இருக்கிறது? ஆனால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிறது. சளி பிடித்தால் வேது பிடிப்பது இருக்கிறது. தலை வலித்தால் நெற்றியில் சுக்குப் பத்து இருக்கிறது. ஆனி, ஆடி வந்தால் குற்றாலம் இருக்கிறது. இதில் ஒன்றும் அந்தத் தாளில் இருக்காது. தாளில் உள்ளதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒருவர், அன்று சாயங்காலமே பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கலாம். அவர் எந்த விதியையும் மீறியதாக ஆகாது.

அதனால் விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் எதற்காகச் சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் உபயோகம். சில விதிகளுக்கு உறுதியான காரணம் உண்டு. சிலவற்றுக்கு, 'எதற்கும் இருக்கட்டும்' என்பதற்கு மேல் காரணம் கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், தாளில் எழுதாத விஷயங்களையும் நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் புருவத்தை நெரிக்கும்போது, நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்து தசையைச் சுருங்கச் சொல்கிறது. போடாக்ஸ் ஊசியில் இருக்கிற போட்டுலினம் நச்சு அந்த நரம்பு நுனிக்குள் புகுந்து, அசிட்டைல்கோலின் வெளியே வரும் வழியை அடைத்துவிடுகிறது. தசைக்குக் கட்டளை வருவதில்லை, அது தளர்ந்து கிடக்கிறது. மேலே உள்ள தோல் மடிவதில்லை. தோலுக்கு இந்த மருந்து நேரடியாக எதுவும் செய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் முகத்தை அசைக்கும்போது விழுகிற கோடுகளுக்கு இது நன்றாகக் கேட்கும். பல வருஷ வெயிலில் தோலே தடித்து, சும்மா இருக்கும்போதும் தெரிகிற கோடுகளுக்கு அவ்வளவாகக் கேட்காது.

இந்த நச்சின் கதை கெட்டுப்போன உணவில் தொடங்குகிறது. 1820-களில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கெட்ட தொத்திறைச்சி தின்றவர்களுக்கு உடல் தளர்ந்து மூச்சு நின்றுபோவதை விரிவாக எழுதிவைத்தார். 1890-களில் பெல்ஜியத்தில் எமில் வான் எர்மெங்கெம் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மிகச் சிறிய அளவில் இதையே மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் அனுமதி கொடுத்தது. இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுவில் சுருக்கம் மறைவதைக் கனடாவின் வான்கூவரில் இருந்த கேரதர்ஸ் தம்பதியர் கவனித்தார்கள். மனைவி கண் மருத்துவர், கணவர் தோல் மருத்துவர். அழகுக்காக, புருவ நடுக் கோடுகளுக்கு அனுமதி கிடைத்தது 2002-இல். இதே மருந்து நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும், அக்குளில் தாறுமாறாக வியர்ப்பதற்கும், பக்கவாதத்தில் இறுகிப்போன கை கால்களுக்கும் போடப்படுகிறது. ஆகவே நெற்றியில் ஊசித் தடத்தோடு வருகிற எல்லோரும் அழகுக்காகத்தான் போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாம் அளவில்தான் இருக்கிறது. போடாக்ஸ் என்ற பெயரில் வருகிற மருந்தில், புருவ நடுவுக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட். ஐந்து இடங்களில் நாலு நாலு யூனிட்டாகப் போடுவார்கள். கண்ணோரக் கோடுகளுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 24. போட்ட இடத்திலிருந்து மருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சுற்றுக்குப் பரவும். பின்கவனிப்பு விதிகள் பாதிக்கு மேல் இந்த ஒரு சென்டிமீட்டரைப் பற்றியவைதான். மருந்து அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், கீழே இறங்கி, மேல் இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசையைத் தொட்டுவிடக் கூடாது. சில மணி நேரத்துக்குள் மருந்து நரம்பு நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு தேய்த்தாலும் நகராது. ஆகவே கவனம் முழுக்க முதல் நாளில், அதிலும் முதல் நாலு மணி நேரத்தில் இருக்க வேண்டும். பலன் தெரியத் தொடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். முழுசாகத் தெரிய இரண்டு வாரம் ஆகும்.

நாலு மணி நேரம் படுக்காதே, குனியாதே என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற விதி. ஆனால் படுத்ததால் மருந்து இறங்கியது என்று காட்டும் உறுதியான ஆய்வு ஏதுமில்லை. ஆரம்ப கால மருத்துவர்கள் பாதுகாப்புக்காகச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. இருந்தாலும் கடைப்பிடிப்பதில் நஷ்டம் இல்லை, காலையில் ஊசி போட்டுக்கொண்டால் தானாகவே நடந்துவிடும். படுப்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. திசையன்விளையிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்புகிறவர், நன்றாக நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பார். ஆனால் பத்தாவது நிமிஷம் தூக்கம் வந்து, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துவிடுவார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் கம்பி அதே இடத்தில் இடிக்கும். படுக்கக் கூடாது என்ற விதியை அவர் மீறவே இல்லை. நெற்றியை அழுத்தக் கூடாது என்பதுதான் விதியின் உயிர், அது போய்விட்டது. இதே காரணத்துக்காக ஹெல்மெட்டையும் யோசிக்க வேண்டும். இறுக்கமான ஹெல்மெட்டின் முன்பட்டை சரியாக நெற்றியில்தான் உட்காரும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அன்றைக்கு மட்டும் ஆட்டோவில் வந்து போகலாம், அல்லது வீட்டில் யாரையாவது காரில் கூட்டிப்போகச் சொல்லலாம்.

நெற்றி என்பது நம் ஊரில் சும்மா கிடக்கிற இடம் இல்லை. அதிகமாக ஊசி போடப்படும் புருவ நடுதான் பொட்டு வைக்கும் இடமும். கிளினிக்கில் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் போடுவார்கள். அன்று வெறும் நெற்றியோடு போய், மறுநாள் காலையில் குங்குமமோ ஸ்டிக்கரோ வைத்துக்கொள்வது நல்லது. ஊசி குத்திய துளை மூடுவதற்குள் பொடியோ பசையோ அதில் படாமல் இருப்பதற்காக. பட்டையாகத் திருநீறு பூசுகிறவர்களுக்கும் இதுவே. பூசும்போது மூன்று விரலால் நெற்றி முழுக்க இழுத்து அழுத்துகிறோம் அல்லவா, அந்த அழுத்தத்தைத்தான் முதல் நாள் தவிர்க்கச் சொல்கிறார்கள். நெல்லையப்பர் கோவிலுக்குப் போகலாம், கொடிமரத்தின் முன் சாஷ்டாங்கமாக விழுவதை மட்டும் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மேலப்பாளையத்திலிருந்து வருகிற, ஐந்து வேளையும் தொழுகிற ஒருவருக்கு நெற்றியைத் தரையில் வைப்பதைத் தள்ளிப்போட முடியாது. அவருக்கு நேரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். விடியற்காலை சுபுஹுக்கும் நண்பகல் லுஹருக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருக்கிறது. கிளினிக் திறந்ததும் முதல் ஆளாகப் போட்டுக்கொண்டால் அடுத்த தொழுகைக்குள் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்துவிடும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் அதற்கேற்ப நேரம் கொடுப்பார்.

அடுத்தது சூடு. உடல் சூடானால் ரத்த ஓட்டம் கூடும், ஊசி குத்திய இடத்தில் கன்றிப்போவதும் வீங்குவதும் கூடும். கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், வெந்நீர் ஆவி வேண்டாம் என்று ஒரு நாளைக்குச் சொல்வது இதனால்தான். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சாயங்காலம் நடக்கலாம், ஓட வேண்டாம். ஜிம்முக்கு ஒரு நாள் லீவு. தலைகீழாக நிற்கும் ஆசனங்களுக்கும் லீவு. சளி இருந்தால் போர்வையை மூடிக்கொண்டு வேது பிடிப்பது நம் வீடுகளில் சாதாரணம். சௌனாவுக்குப் போகாதீர்கள் என்று தாளில் போட்டிருப்பது இங்கே இதற்குத்தான் பொருந்தும். கத்திரி வெயிலில் ஊசி போட்டுக்கொண்டவர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பதும் கிட்டத்தட்ட அதுதான். சித்திரை, வைகாசியில் வேர்க்குருவுக்கு நுங்குத் தோலை நெற்றியில் வைத்துத் தேய்ப்பார்கள். குளிர்ச்சிதான், ஆனால் தேய்ப்பு. ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு சிலருக்கு லேசான தலைவலி வரும். அடிக்கடி காணப்படுகிற, தானாகப் போய்விடுகிற விஷயம். ஆனால் நம் கை உடனே எங்கே போகும்? தைலப் புட்டிக்கு. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் கோடாலித் தைலம் அலமாரியில் இல்லாமல் இருக்காது. அதை எடுத்து இரண்டு புருவத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அரக்கித் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் சுக்கை உரசிப் பத்துப் போடுவார்கள், காய்ந்ததும் அதைச் சுரண்டி எடுப்பார்கள். ஊசி மருந்து இருக்கிற இடத்தில், இருக்கிற நேரத்தில், செய்யக் கூடாத காரியம் இதைவிட வேறில்லை. மருத்துவர் சரி என்றால் ஒரு பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் மாதிரியானவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், கன்றலைக் கூட்டும். வலி என்றதும் அவற்றைத் தேட வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை: இதய நோய்க்காகவோ, பக்கவாதம் வந்ததற்காகவோ ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிட்டு வருகிறவர்கள், ஒரு நெற்றிச் சுருக்கத்துக்காக அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. கன்றல் பத்து நாளில் போய்விடும், ரத்தக் குழாயில் அடைப்பு வந்தால் அப்படிப் போகாது.

கன்றினால் துணியில் சுற்றிய ஐஸை அழுத்தாமல் லேசாக ஒற்றலாம். ஊசி போட்ட இடத்தில் கொசு கடித்த மாதிரி எழும்பியிருப்பது சில நிமிஷத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து அமுக்கிவிடாதீர்கள்.

எண்ணெய்க் குளியலுக்கு வருவோம். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது பழைய வழக்கம். ஊசிக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கிய ஒரு மருமகளுக்கு மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலைக்கு எண்ணெய் வைக்கலியா? வா, நான் தேய்ச்சு விடுதேன்."

"இல்ல அத்தை, சளி பிடிச்ச மாதிரி இருக்கு…"

சளி என்று சொன்னால் அடுத்து வேது பிடிக்கச் சொல்வார்கள்! இதில் சிரிப்பு இருந்தாலும் விஷயம் உண்மையானது. நம் பக்கம் இந்த ஊசியைப் பெரும்பாலோர் வீட்டில் சொல்லாமல்தான் போட்டுக்கொள்கிறார்கள். சொல்லாதபோது, எண்ணெய் வேண்டாம், தலை பிடித்துவிட வேண்டாம், பேத்தியைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டாம் என்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பொய் தேட வேண்டியிருக்கிறது. ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னால் கண் இமை இறங்கினாலோ, வேறு தொந்தரவு வந்தாலோ, அவராவது விவரம் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப்போவார்.

எண்ணெய்க் குளியலில் தலையில் எண்ணெய் வைப்பது பிரச்சினை இல்லை. நெற்றியையும் புருவத்தையும் அரக்கித் தேய்ப்பதும், அப்புறம் சீயக்காயையோ பயத்தமாவையோ போட்டு அதே இடத்தை மறுபடி தேய்ப்பதும்தான் பிரச்சினை. ஒரு நாள் போதும் என்பவர்களும் உண்டு, முகத்துக்கு மசாஜ் இரண்டு வாரம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. மருந்து ஒட்டிக்கொள்ளும் கணக்கை வைத்துப் பார்த்தால் முதல் நாள்தான் முக்கியம், மிச்சமெல்லாம் ஜாக்கிரதை. உங்கள் மருத்துவர் எத்தனை நாள் என்கிறாரோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யார் கை என்பதையும் யோசிக்க வேண்டும். தானே தடவிக்கொள்வது ஒரு ரகம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் நெற்றிப்பொட்டில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தி, தலையைத் தட்டி, கழுத்தைச் சொடுக்குகிறாரே, அது வேறு ரகம். ஆண்களும் இந்த ஊசிக்கு வருகிறார்கள், அவர்களிடம் சலூன் மசாஜைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அழகு நிலையத்தில் பேசியல், பிளீச், புருவம் திருத்துவது எல்லாவற்றையும் ஊசிக்கு முந்தின வாரமே முடித்துவிட்டு வருவது சுலபமான வழி.

குற்றாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது குற்றாலமும் அதோடு போய்விட்டது என்றாலும், சீசன் வந்தால் திருநெல்வேலிக்காரர்கள் கிளம்புவது அங்கேதான். தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்ததும் ஜூனில் சாரல் தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும். அங்கே மூன்று காரியம் சேர்ந்து நடக்கிறது. அருவிக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உடம்பைப் பிசைந்து எடுப்பார்கள். அப்புறம் பேரருவியிலோ ஐந்தருவியிலோ தலையையும் நெற்றியையும் தண்ணீர் விடாமல் அடிக்கும். அதோடு கூட்ட நெரிசலில் முகத்தில் யார் முழங்கை படும் என்று சொல்ல முடியாது. அருவிக் குளியலால் மருந்து நகரும் என்று யாரும் ஆய்வு செய்து காட்டியதில்லை. ஆனால் அழுத்தாதே, தேய்க்காதே என்பதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தை ஒத்துக்கொண்டால், அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரை விதிவிலக்காக்க முடியாது. கன்றல் இருக்கிற தோலில் அந்த அடி விழுந்தால் கன்றல் இன்னும் பெரிதாகும். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், போனாலும் எண்ணெய்க்காரரிடம் நெற்றியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாபநாசத்தில் ஆற்றில் இறங்கிக் குளிப்பது அவ்வளவு கடுமை இல்லை. முதல் நாள் மட்டும் தாமிரபரணியில் முங்கி முங்கி எழாமல், மேலோடு குளித்துவிட்டு வரலாம்.

இதில் நாள் பார்ப்பதுதான் சிக்கலாகிறது. ஆவணியில் வீட்டில் கல்யாணம் என்றால், ஊசிக்குத் தோதான மாதம் ஆடி. பலன் முழுசாகத் தெரிய இரண்டு வாரம், அதில் ஏதாவது கூடக் குறைய இருந்தால் சரிசெய்ய ஒரு வாரம், கன்றல் ஏதும் இருந்தால் மறைய அதற்குள் நேரம். ஆக முகூர்த்தத்துக்கு நாலு வாரம் முன்னால் போட்டுக்கொள்வதே சரியான கணக்கு. ஆனால் ஆடியில்தான் குற்றாலம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலில் பந்தல் போட்டுத் தங்குவது, எல்லாம் வரும். கோவிலுக்குப் போகிற வாரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதைத் தவிர்த்து ஊசிக்கு நாள் வாங்குங்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. ஒரு புருவம் ஏறி ஒரு புருவம் இறங்கி நிற்கிற நிலை வீடியோவில் காலத்துக்கும் இருக்கும்.

ஊசிக்குப் பிறகு புருவத்தை ஏற்றி இறக்கி, நெரித்து, கண்ணை இடுக்கிப் பயிற்சி செய்யச் சொல்வதும் உண்டு. அப்படிச் செய்தால் பலன் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது, ஆனால் இரண்டு வாரம் கழிந்தால் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வில் பார்த்தார்கள். விருப்பமிருந்தால் செய்யலாம்.

எல்லோரும் பயப்படுவது இமை இறங்கிவிடுவதைத்தான். அது வந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஒரு கண் அரைத்தூக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். முறிவு மருந்து கிடையாது, ஆனால் நிரந்தரமும் இல்லை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தேறும். இமையைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற சொட்டு மருந்து உண்டு, அதை மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இமை இறங்கினால், 'நீங்கள் படுத்திருப்பீர்கள், தேய்த்திருப்பீர்கள்' என்று பழியை ஊசி போட்டுக்கொண்டவர் தலையில் கட்டுவது எளிது. ஊசியைக் கண்குழி எலும்பின் விளிம்புக்கு எவ்வளவு மேலே போட்டார்கள், எவ்வளவு ஆழம், எத்தனை யூனிட், எவ்வளவு உப்புநீரில் கரைத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களில் சிலருக்கு இமை ஏற்கெனவே கனத்திருக்கும். நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் அவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த நெற்றித் தசையையே தளர்த்திவிட்டால் கண் கனப்பது இயற்கை. அவர் நாலு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலும் அதுதான் நடக்கும்.

பின்கவனிப்பைவிட முன்கவனிப்பு முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான். போடுகிறவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் அறுவை நிபுணரா, முக உடற்கூறு படித்துப் பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள். அழகு நிலையத்தில் பேசியலோடு சேர்த்துச் சலுகை விலையில் போடுகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த மருந்தைக் குளிர்பெட்டியில், 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். துபாயிலிருந்து வந்தவர் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்த குப்பி, எந்த வெயிலில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. போலி மருந்தும் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் போலிப் போடாக்ஸும், தகுதியில்லாதவர்கள் போட்ட ஊசியும் பலரை மருத்துவமனையில் சேர்த்தன, அரசு அமைப்புகளே எச்சரிக்கை விட்டன. குப்பியைக் கண் முன்னால் திறக்கச் சொல்வது மரியாதைக் குறைவில்லை. கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ, மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் இருந்தாலோ இந்த ஊசி வேண்டாம் என்பதையும் மருத்துவரே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, உடம்பு முழுக்க அசதி: இவை மருந்து தூரமாகப் பரவியதற்கான அறிகுறிகள். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அளவில் மிக அரிது. வந்தால் கிளினிக்குக்குப் போன் போட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேயோ போய்விட வேண்டும், என்ன ஊசி என்று வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சுருக்க ஊசி என்று பொதுவாகச் சொல்வதில் ஃபில்லரும் சேர்ந்துவிடுகிறது. அது தசையைத் தளர்த்துவதில்லை, பள்ளத்தை நிரப்புகிறது. பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். அதற்கான பின்கவனிப்பு வேறு, ஆபத்தும் வேறு. தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் வெளுக்கும் அல்லது வலைவலையாக நீலம் பாரிக்கும், தாங்க முடியாத வலி வரும், சிலருக்குப் பார்வையே மங்கும். இதில் நிமிஷக் கணக்குத்தான், கரைக்கும் ஊசியை உடனே போட்டாக வேண்டும். ஆகவே வெளியே வரும்முன், போட்டது எது என்று பெயர் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழிந்ததும் மறுபடி காட்ட வேண்டும். அதற்குள் சரியில்லை என்று சொல்லிக் கூடுதலாகப் போடச் சொல்லாதீர்கள், மருந்து வேலை செய்து முடிந்திருக்காது. அந்த இடைவெளியில் தோலுக்குச் செய்ய வேண்டியதில் முதலானது சன்ஸ்கிரீன். ஊசி அசைவுக் கோடுகளைத் தடுக்கும், வெயில் புதுக் கோடுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். முதல் நாளில் அதையும் தேய்க்காமல் ஒற்றி வைக்கலாம். நம் நிறத் தோலில் கன்றலோ புண்ணோ வந்த இடம் கறுத்துப் போவதும், மங்கு படர்வதும் வெயிலில் கூடும், அதற்காகவும் இது வேண்டும். ரெட்டினால் போன்ற எரிச்சல் தரும் கிரீம்களை ஓரிரு நாள் கழித்துத் தொடரலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி 'வெள்ளையாக' ஆக்கிக்கொள்கிற ஸ்டீராய்டு கிரீம்களை ஊசிக்கு முன்பும் போடக் கூடாது, பின்பும் போடக் கூடாது. அவை தோலை மெலிய வைத்து, சிவக்க வைத்து, மயிர் முளைக்க வைக்கும். அந்தத் தோலில் எந்த ஊசியும் அழகாக இருக்காது.

பலன் மூன்று முதல் நாலு மாதம் நிற்கும். நரம்பு நுனி பழையபடி வேலைக்கு வரும், கோடும் மெதுவாக வரும். மூன்று மாதத்துக்குள் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டால் உடல் மருந்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, பின்னால் கேட்காமலே போக வாய்ப்புண்டு. அடுத்த முறை வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போகலாம். போட்ட மருந்தின் பெயர், தேதி, எந்த இடத்தில் எத்தனை யூனிட் என்பதை எழுதி வைத்திருந்தால் அவருக்கு உதவும். இதே நச்சில் வருகிற இன்னொரு தயாரிப்பான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் போடாக்ஸின் யூனிட்டும் ஒன்றில்லை, வெறும் எண்ணை மட்டும் சொன்னால் அளவு தப்பிவிடும்.